மழையை அளந்து விதைத்த மாலி உழவர்கள்

‘நேற்று இரவு நல்ல மழை’ என்று சொல்லாத உழவர் இல்லை. ஆனால் நல்ல மழை என்றால் எவ்வளவு மழை? ஒருவர் ‘ஓர் உழவு மழை’ என்பார். இன்னொருவர் ‘வாசலில் கிடந்த உரல் நிறைந்துவிட்டது’ என்பார். மூன்றாமவர் ‘ஓடையில் தண்ணீர் போயிற்று’ என்பார். மூன்றும் உண்மைதான். ஆனால் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கையில் உள்ள விதையை இன்றே மண்ணில் போடலாமா, இன்னும் ஒரு மழைக்குக் காத்திருக்கலாமா என்று முடிவு செய்வது கடினம்.

பாசன வசதி உள்ளவருக்கு இந்தக் கேள்வி அத்தனை பெரிதல்ல. மழை ஏமாற்றினால் கிணற்று நீரைப் பாய்ச்சிக்கொள்வார். மானாவாரி உழவருக்கு அப்படியல்ல. ஒரு முறை விதைத்து, முளைத்த பயிர் காய்ந்துவிட்டால் விதையும் போயிற்று, உழவுக் கூலியும் போயிற்று. மறுவிதைப்புக்கு விதை வாங்கக் கடன் வேண்டும். அதற்குள் பருவமும் கடந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலி என்ற நாட்டின் சிறு உழவர்கள் ஒரு வழி கண்டார்கள். அவர்கள் கையாண்ட கருவிகள் இரண்டே. ஒன்று, வயலோரத்தில் நட்டுவைத்த எளிய மழைமானி. மற்றொன்று, வானொலிப் பெட்டி. இந்த இரண்டையும் இணைத்து அவர்கள் செய்தது என்ன, அதில் கிடைத்த நன்மை என்ன, எங்கே குறை நேர்ந்தது என்பதையெல்லாம் நம் உழவர்களும் அறிந்துகொள்வது பயனுள்ளது.

வறட்சி கற்பித்த பாடம்

மாலி மேற்கு ஆப்பிரிக்காவில், கடற்கரையே இல்லாத நாடு. வடபகுதி முழுவதும் சகாரா பாலைவனம். தெற்கே செல்லச் செல்ல மழை கூடும். தலைநகரான பமாக்கோவில் ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ. மழை பெய்யும். பாலைவன ஓரத்தில் 200 மி.மீ. கூடக் கிடைக்காது. பெய்யும் மழையும் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் பெய்து முடிந்துவிடும். அந்த நான்கு மாதங்களுக்குள் விதைத்து வளர்த்து எடுப்பதுதான் ஆண்டுச் சாப்பாடு. கம்பு, சோளம், மக்காச்சோளம், நிலக்கடலை, பருத்தி ஆகியவை முக்கியப் பயிர்கள். நம் மானாவாரி நிலங்களில் விளைகிற அதே பயிர்கள்.

1970-களின் தொடக்கத்தில் சகாராவின் தென்விளிம்பான சாஹெல் பகுதி முழுவதையும் கடும் வறட்சி வாட்டியது. கால்நடைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். 1983, 1984 ஆண்டுகளில் மீண்டும் வறட்சி வந்தது. பாட்டன் காலத்திலிருந்து பின்பற்றி வந்த விதைப்பு நாள்கள் பொய்த்தன. இன்ன மரம் துளிர்த்தால், இன்ன பறவை வந்தால் மழை தொடங்கும் என்ற கணக்குகளும் தடுமாறின.

இந்தச் சூழ்நிலையில், 1982-ஆம் ஆண்டில், மாலி நாட்டு வானிலைத் துறை ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கியது. சுவிட்சர்லாந்து அரசு பொருளுதவி செய்தது. பமாக்கோவுக்குத் தென்மேற்கே உள்ள பங்குமானா வட்டாரத்தில் ஒரு சில உழவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களிடம் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ‘உங்கள் வயலில் பெய்யும் மழையை நீங்களே அளந்து எழுதி வையுங்கள்’ என்பதுதான்.

முதல் மழையின் ஏமாற்று

மழையை ஏன் வயலிலேயே அளக்க வேண்டும்? பத்து, இருபது மைல் தொலைவில் உள்ள அரசு மழைமானியின் கணக்குப் போதாதா?

போதாது. சாஹெல் பகுதியில் மழை பெரும்பாலும் இடியும் காற்றுமாக வரும் கோடை மழையைப் போன்றது. ஒரு கிராமம் நனையும், அடுத்த கிராமம் காய்ந்து கிடக்கும். மாலியின் அண்டை நாடான நைஜரில் 1992-ஆம் ஆண்டில் நெருக்கமாக மழைமானிகளை வைத்து அளந்து பார்த்தார்கள். ஒரு பருவம் முழுவதும் பெய்த மொத்த மழைகூடச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே பெரிதும் வேறுபட்டிருந்தது. எனவே நகரத்து மழைமானியில் 25 மி.மீ. என்றால், உங்கள் வயலில் 5 மி.மீ. தான் பெய்திருக்கலாம்.

அடுத்தது, விதைப்பை முடிவு செய்யும் அளவு. நீண்ட கோடைக்குப் பின் விழும் முதல் மழை மண்ணின் மேற்பரப்பை மட்டுமே நனைக்கும். மண் வாசனை எழும்பும், மனம் குளிரும். கம்பு விதைத்தால் மூன்று, நான்கு நாளில் முளைத்தும் விடும். ஆனால் கீழே ஈரம் இல்லை. அடுத்த மழை பத்து நாள் தள்ளிப்போனால் இளம் பயிரின் வேர் காய்ந்த மண்ணில் முட்டி நின்றுவிடும். பயிர் கருகும். இதைத்தான் பருவத்தின் ‘பொய்த் தொடக்கம்’ என்கிறார்கள்.

இதை எண்ணிக்கையில் பிடிக்க முயன்றவர்களில் எம்.வி.கே. சிவகுமார் என்ற இந்திய அறிவியலாளர் குறிப்பிடத்தக்கவர். ஐதராபாத் அருகே தலைமையகம் கொண்ட இக்ரிசாட் நிறுவனத்தின் நைஜர் ஆய்வு மையத்தில் அவர் பணியாற்றினார். மே முதல் தேதிக்குப் பின், அடுத்தடுத்த மூன்று நாள்களில் மொத்தம் 20 மி.மீ. மழையாவது பெய்திருக்க வேண்டும். அதன்பின் வரும் 30 நாள்களுக்குள் ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து மழையில்லாத இடைவெளி இருக்கக் கூடாது. அப்படி அமைந்தால்தான் அது உண்மையான பருவத் தொடக்கம் என்று 1988-இல் வெளியான ஆய்வில் அவர் வரையறுத்தார்.

இதில் முதல் பாதியை உழவரே அளந்து தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது பாதி வரப்போகிற நாள்களைப் பற்றியது. அதற்கு வானிலை அறிவிப்பு வேண்டும். மாலியில் மழைமானியையும் வானொலியையும் இணைத்ததன் காரணம் இதுதான். நடந்ததை மழைமானி சொல்லும். நடக்கப்போவதைப் பற்றி வானொலி எச்சரிக்கும்.

உழவர் கையில் மழைமானி

திட்டத்தில் சேர்ந்த உழவருக்கு ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் மழைமானி கொடுக்கப்பட்டது. பின்னாளில் இவை மாலியிலேயே செய்யப்பட்டன. அதைக் கம்பத்தில் பொருத்தி வயலோரத்தில் வைப்பார்கள். மழை பெய்த மறுநாள் காலை, நீர் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை எழுதினாலும் போதும்.

இத்துடன் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு விதைப்பு அட்டவணையும் தரப்பட்டது. இன்ன பத்து நாளில் இன்ன அளவு மழை சேர்ந்தால் இன்ன பயிரில் இன்ன வயதுடைய ரகத்தை விதைக்கலாம் என்று அதில் குறித்திருக்கும். பருவம் முன்கூட்டியே தொடங்கினால் நீண்ட வயது ரகம். தாமதமானால் குறுகிய வயது ரகம். காரணம், மழை எப்போது தொடங்கினாலும் முடிகிற காலம் ஏறக்குறைய ஒன்றுதான். தாமதமாக விதைத்த நீண்ட வயது ரகம் கதிர் பிடிக்கும் வேளையில் ஈரமின்றித் தவிக்கும்.

அட்டவணையைப் பயன்படுத்தும் விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜூன் 11 முதல் 20 வரையிலான பத்து நாளில் ஓர் உழவர் மூன்று நாள் மழையை அளக்கிறார். முதல் மழை 6 மி.மீ., அடுத்தது 3 மி.மீ., கடைசி மழை 14 மி.மீ. மொத்தம் 23 மி.மீ. அட்டவணையில் அந்தப் பத்து நாளுக்குக் குறித்த அளவு 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அவர் விதைக்கலாம். பக்கத்து ஊர்க்காரர் அதே நாள்களில் 9 மி.மீ. தான் அளந்திருந்தால் அவர் காத்திருக்க வேண்டும். இருவருக்கும் வானம் ஒன்றுதான், ஆனால் விதைக்கும் நாள் வேறு.

தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் உழவரின் நிலத்திலும் ஒரு பகுதியை ஆலோசனைப்படியும், மற்றொரு பகுதியைப் பழைய வழக்கப்படியும் சாகுபடி செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆலோசனைப்படி விதைத்த பகுதிகளில் மகசூல் கூடுதலாகக் கிடைத்ததாகப் பதிவாயிற்று. சொல்லிக் கேட்டால் நம்பாத அண்டை வயல்காரர்களும் கண்ணால் கண்டு நம்பினார்கள். ஒரு வட்டாரத்தில் தொடங்கிய முயற்சி நூற்றுக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது.

பத்து நாளுக்கு ஒரு கூட்டம்

உழவர்கள் அளந்த மழைக்கணக்கு குறிப்பேட்டோடு நின்றுவிடவில்லை. விரிவாக்கப் பணியாளர்கள் அதைச் சேகரித்துத் தலைநகருக்கு அனுப்பினார்கள். பயிர் எந்த நிலையில் இருக்கிறது, பூச்சி உண்டா, வெட்டுக்கிளி தென்பட்டதா, மேய்ச்சல் எப்படி என்ற விவரங்களும் சேர்ந்து போயின.

பமாக்கோவில் பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு குழு கூடும். வானிலைத் துறையினர் மட்டுமல்லாமல் வேளாண்மைத் துறையினர், ஆராய்ச்சியாளர்கள், பயிர்ப் பாதுகாப்புத் துறையினர், ஊரக வளர்ச்சிப் பணியாளர்கள் ஆகியோரும் அதில் இருந்தார்கள். வானொலிக்காரர்களுக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு. இது கவனிக்க வேண்டிய செய்தி. அறிவியலாளர் ஒரு மொழி பேசுவார், உழவர் ஒரு மொழி பேசுவார். இருவருக்கும் நடுவே நின்று புரியும்படி சொல்லத் தெரிந்தவர் முடிவு எடுக்கும் இடத்திலேயே இருந்தார்.

குழு தயாரித்த அறிவிப்பு பம்பாரா முதலிய உள்ளூர் மொழிகளில் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. எந்தப் பகுதியில் விதைக்கலாம், எங்கே பொறுத்திருக்க வேண்டும், களை எடுக்கவும் உரமிடவும் மருந்து தெளிக்கவும் ஏற்ற நேரம் எது என்பன அதில் இடம்பெற்றன. 1991-இல் மாலியில் ஆட்சி மாறியபின் உள்ளூர் வானொலி நிலையங்கள் தொடங்க வழி பிறந்தது. சிற்றூர்களிலும் சமூக வானொலிகள் முளைத்தன. அரசு வானொலி எட்டாத மொழியிலும் பேச்சு வழக்கிலும் வானிலைச் செய்தி சென்றடைய அவை உதவின. 1998 முதல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுகூடிப் பருவம் முழுவதற்குமான முன்னறிவிப்பையும் தயாரிக்கத் தொடங்கின.

தம் கையால் அளந்த மழை வானொலியில் பேசப்படுவதைக் கேட்கும்போது உழவருக்கு அந்த அறிவிப்பின் மேல் ஒரு நம்பிக்கை பிறக்கிறது. யாரோ எங்கோ இருந்து சொல்லும் செய்தியாக அது இருப்பதில்லை.

யாருக்குப் பயன்பட்டது?

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.

திட்டம் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2010-களில், எட்வர்டு கார் என்ற அமெரிக்கப் புவியியலாளர் தலைமையில் ஒரு குழு மாலி கிராமங்களில் நேரடி ஆய்வு நடத்தியது. திட்டம் நடந்த கிராமங்களையும் நடக்காத கிராமங்களையும் ஒப்பிட்டது. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவானவர்களே ஆலோசனையைப் பின்பற்றினார்கள் என்பது தெரியவந்தது. அப்படிப் பின்பற்றியவர்களிலும் பெரும்பாலோர் ஏர் மாடும் கருவிகளும் சொந்தமாக வைத்திருந்த, வயதில் மூத்த ஆண்கள். பெண்கள் மிக அரிதாகவே பின்பற்றினார்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. ‘இன்றே விதை’ என்று வானொலி சொல்கிறது. சொந்த ஏர் உள்ளவர் மறுநாள் காலையே வயலில் இறங்கிவிடுவார். ஏர் இல்லாதவர் மற்றவர் உழுது முடிக்கும் வரை காத்திருப்பார். அவர் முறை வரும்போது ஈரம் போய்விடும். பெண்களின் நிலை இன்னும் பின்தங்கியது. அங்கே பல பெண்கள் தமக்கெனச் சிறு துண்டு நிலத்தில் நிலக்கடலை, வெண்டை முதலியவற்றைப் பயிரிடுவது வழக்கம். ஆனால் குடும்ப வயல் வேலை முடிந்த பிறகே தம் நிலத்துக்குப் போக முடியும். விதைக்கும் நாளைத் தீர்மானிக்கும் உரிமை கையில் இல்லாதவருக்கு, விதைக்கும் நாளைச் சொல்லும் வானொலியால் என்ன பயன்?

மழைமானி பொய் சொல்லவில்லை. வானொலியும் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அறிந்ததைச் செய்ய முடியாதவருக்கு அந்த அறிவு பயிராக விளையவில்லை. சிறு உழவருக்கென்று தொடங்கிய ஒரு திட்டம், அவர்களிலும் சற்று வசதி உள்ளவர்களிடமே தங்கிவிட்டது.

நம் ஊருக்கு உகந்தது

நம் நாட்டில் தாலுகா அலுவலக மழைமானியும் இருக்கிறது, தானியங்கி வானிலை நிலையங்களும் வந்துவிட்டன. கைப்பேசியிலும் முன்னறிவிப்பு வருகிறது. இருந்தும் ‘என் வயலில் நேற்று எத்தனை மில்லிமீட்டர்?’ என்ற கேள்விக்கு விடை அந்த வயலில்தான் இருக்கிறது. செலவில்லாமல் வீட்டிலேயே மழைமானி செய்துகொள்ளலாம்.

தேவையான பொருள்கள்: நடுப்பகுதி வளைவு நெளிவு இல்லாமல் நேராக உள்ள இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோல் ஒன்று, கூழாங்கற்கள் ஒரு பிடி, ஒட்டுநாடா, நடுவதற்கு ஒரு குச்சி.

செய்முறை: பாட்டிலின் கழுத்துப்பகுதி அகலமாகி நேராகத் தொடங்கும் இடத்தில் வட்டமாக வெட்டிக்கொள்ளவும். வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாகத் திருப்பி, கீழ்ப்பகுதியின் வாயில் புனல் போலப் பொருத்தவும். மூடியை எடுத்துவிட வேண்டும். புனல் இருப்பதால் சேர்ந்த நீர் வெயிலில் ஆவியாவது குறையும், இலை தழையும் விழாது. பாட்டிலின் அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும். அதில் கூழாங்கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம் வரை நீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போடவும். இதுவே பூச்சியக் கோடு. அளவுகோலின் பூச்சியம் இந்தக் கோட்டில் பொருந்தும்படி வெளிப்புறம் ஒட்டவும். நீர் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் 10 மி.மீ. மழை பெய்திருக்கிறது என்று பொருள்.

ஒவ்வொரு முறை நீரைக் கொட்டிய பின்னும் மறுபடி பூச்சியக் கோடு வரை நீர் ஊற்றிவைக்க மறக்கக் கூடாது. மழையில்லாத நாளிலும் நீர் அந்தக் கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரான பாட்டில் கிடைக்காதவர்கள் ஏதேனும் ஒரு டப்பாவின் மேல் வட்டமான புனலை வைத்தும் அளக்கலாம். சேர்ந்த நீரை மருந்து அளக்கும் குவளையால் மில்லி லிட்டரில் அளந்து, புனல் வாயின் பரப்பால் வகுத்து, பத்தால் பெருக்க வேண்டும். புனலின் வாய் 10 செ.மீ. குறுக்களவு உடையதானால் அதன் பரப்பு 78.5 சதுர செ.மீ. அதில் 157 மில்லி நீர் சேர்ந்திருந்தால் 20 மி.மீ. மழை.

வைக்கும் இடமும் நேரமும்

மழைமானியைத் திறந்த வெளியில் வைக்க வேண்டும். மரத்தடி, கூரை ஓரம், சுவர் ஓரம் கூடாது. அருகில் மரமோ கட்டடமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தொலைவு தள்ளி வைக்கவும். வாய்ப்பகுதி தரையிலிருந்து சுமார் ஓர் அடி உயரத்தில் மட்டமாக இருக்கட்டும். தரையோடு வைத்தால் தெறிக்கும் நீரும் சேற்றோடு உள்ளே விழும். காற்றில் சாயாதபடி குச்சியில் கட்டிவிட வேண்டும். ஆடு மாடு முட்டாமல் நான்கு முள்ளை வெட்டிப் போடலாம்.

தினமும் காலை எட்டரை மணிக்கு அளவைப் பார்ப்பது நல்லது. வானிலைத் துறை மழையைக் கணக்கெடுக்கும் நேரமும் அதுவே. அதே நேரத்தில் பார்த்தால் உங்கள் கணக்கையும் தாலுகாக் கணக்கையும் ஒப்பிடலாம். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். மழை இல்லாத நாளுக்கும் குறிப்பேட்டில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்ட நாளும் மழையில்லாத நாளும் பின்னால் குழம்பிவிடும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அதை ‘மழை நாள்’ என்று வானிலைத் துறை கணக்கில் கொள்கிறது.

அளவு சொல்லும் செய்தி

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சென்ட் நிலத்துக்கு 40 லிட்டர் நீர். ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,050 லிட்டர். ஆக 20 மி.மீ. மழை ஓர் ஏக்கரில் 81,000 லிட்டர் நீரைக் கொட்டுகிறது.

இந்த 20 மி.மீ. மழை, வழிந்தோடாமல் மண்ணில் இறங்கினால், மணற்பாங்கான செம்மண்ணில் சுமார் ஒரு சாண் ஆழம் வரை ஈரமாக்கும். கரிசல் மண் அதிக நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அங்கே அதே மழை அரைச் சாணோடு நின்றுவிடும். எனவே மழை அளவைப் பார்த்ததோடு நிற்காமல் வயலில் இரண்டு மூன்று இடங்களில் மண்வெட்டியால் வெட்டி ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டு இப்படிப் பார்த்து எழுதினால், ‘என் நிலத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் விதைக்கலாம்’ என்ற கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும். பயிருக்கும் மண்ணுக்கும் ஏற்ப இந்த அளவு மாறும். அதனால் அருகிலுள்ள வேளாண் அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கலந்துகொள்வது நல்லது.

தென்மாவட்டக் கரிசல் நிலங்களில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே சோளம் முதலியவற்றை விதைப்பது வழக்கம். இந்த முறையில் விதையைக் கடினப்படுத்தி, சுமார் 5 செ.மீ. ஆழத்தில் சீராக விழும்படி விதைக்க வேண்டும். ஆழத்தில் கிடக்கும் விதை சிறு தூறலுக்கு ஏமாறாது, போதிய மழை பெய்த பின்பே முளைக்கும். இங்கேயும் மழைமானி உதவும். விதை முளைக்காமல் இருந்தால், மழை போதாததால் முளைக்கவில்லையா, விதை கெட்டுப் போயிற்றா என்பதை அளவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

விதைப்புக்குப் பின்னும் குறிப்பேடு பயன்படும். மேலுரம் இடும் முன் மண்ணில் ஈரம் இருக்கிறதா, மருந்து தெளித்த சில மணி நேரத்தில் எவ்வளவு மழை பெய்து அதைக் கழுவிவிட்டது, பூக்கும் காலத்தில் எத்தனை நாள் வறண்டது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். பயிர் பாதிப்பைப் பற்றி அதிகாரிகளிடம் பேசும்போதும் ‘மழையே இல்லை’ என்பதைவிட, நாள்வாரியாக எழுதிய கணக்குக்கு மதிப்பு அதிகம்.

ஊரோடு சேர்ந்து கேட்போம்

வானொலியைக் கேட்டு விவசாயம் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1960-களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 நெல் ரகத்தைப் பற்றித் தொடர்ந்து சொல்லி வந்தது. அதைக் கேட்டுத் தஞ்சை உழவர்கள் அந்த நெல்லைப் பயிரிட்டார்கள். ரகத்தின் பெயரே மறந்து ‘ரேடியோ நெல்’ என்று வழங்கியது.

பின்னர் சமூக வானொலிகள் வந்தன. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் தொடங்கிற்று. 2006-இல் மத்திய அரசு வகுத்த கொள்கையின்படி தொண்டு நிறுவனங்களும் வேளாண் பல்கலைக்கழகங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இவ்வகை நிலையங்களை நடத்த வழி ஏற்பட்டது. பாம்பனில் 2016-இல் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ வானொலி தொடங்கப்பட்டது. கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றையும் அலையையும் பற்றி அவர்கள் பேச்சிலேயே சொல்லக்கூடிய வானொலி வானூர்தி நிலையத்து அறிவிப்பைவிட நெருக்கமானது. மானாவாரி உழவருக்கும் அதே நெருக்கம் வேண்டும்.

சமூக வானொலி எட்டும் பகுதியில் உள்ள ஊர்களில், ஊருக்கு ஒருவர் காலை எட்டரை மணிக்கு அளந்த மழையைத் தொலைபேசியில் சொன்னால், ஒன்பது மணிக்கு எல்லா ஊரின் மழையும் ஒலிபரப்பாகிவிடும். எந்த ஊரில் விதைப்புக்குப் போதிய மழை, எங்கே போதாது என்பது ஒரே வேளையில் எல்லோருக்கும் தெரியும். வானொலி இல்லாத ஊரில் பால் சங்கத்திலோ, தேநீர்க் கடையிலோ ஒரு கரும்பலகை போதும். தினமும் ஒரு எண்ணைச் சாக்குக்கட்டியால் எழுதிவைத்தால் ஊரே படிக்கும்.

மாலி நாட்டில் நேர்ந்த குறை இங்கே நேராமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். மழைமானி ஊரில் பெரிய நிலக்காரர் தோட்டத்தில் மட்டும் இருந்தால் போதாது. மேட்டு நிலத்தில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, பெண்கள் சாகுபடி செய்யும் நிலத்தில் ஒன்று என்று இருக்கட்டும். அளக்கும் பொறுப்பில் மகளிர் குழுவினருக்குப் பங்கு இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விதைப்பு மழை வருமுன்னரே ஏர், டிராக்டர், விதைப்புக் கருவி ஆகியவற்றை யார் யாருக்கு எந்த நாள் என்று பேசி முறை வைத்துக்கொள்ள வேண்டும். சொந்த ஏர் இல்லாதவரின் ஒரு ஏக்கர் முதல் நாளிலேயே விதைக்கப்பட்டால்தான் அவருக்கு அந்த மழைக் கணக்கால் பயன்.

பருவமழை தொடங்கும் முன் ஒரு பழைய பாட்டிலையும் அளவுகோலையும் எடுத்து மழைமானி செய்துவிடுங்கள். முதல் மழை விழுந்த மறுநாள் காலை அதைப் பார்த்து எழுதுங்கள். பக்கத்து வயல்காரருக்கும் சொல்லுங்கள். அளந்து விதைத்தால் விதை வீணாகாது.